கணினிக் கேள்வி பதில்: வீடியோவில் சின்னஞ்சிறு லோகோவைத் தேடுவது எப்படி?

தைப் பொங்கலுக்குப் பிறகு மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பலவும் ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தமையால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து, ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி (மேலூர், உள்ளூர்த் தொலைக்காட்சி நடத்துபவர்): ஐயா, நாங்கள் ஜல்லிக்கட்டை நேரலையாக ஒளிபரப்புகிறோம். மாடுபிடி வீரர்களுக்குப் பனியன் வழங்கிய விளம்பரதாரர், தம் கடையின் லோகோ மொத்தம் எவ்வளவு நேரம் திரையில் தெரிந்தது என்று கணக்குக் கேட்கிறார். எங்களிடம் வேலை செய்யும் தம்பி ஒருவர், படத்தில் உள்ள பொருட்களைக் கண்டறியும் யோலோ என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை (மாடலை) அந்த லோகோவுக்காகவே பயிற்றுவித்தார். தடுப்பில் கட்டிய பேனரை அது தவறாமல் பிடிக்கிறது. பனியனின் நெஞ்சில் இருக்கும் அதே லோகோவை அநேகமாகப் பிடிப்பதே இல்லை. இன்னும் பெரிய மாதிரியும் விலை கூடிய கிராபிக்ஸ் கார்டும் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு காகிதத்தை எடுத்து, அந்த லோகோ உங்கள் வீடியோவில் எத்தனை பிக்சல் அகலத்துக்கு விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். கேமராவின் பார்வைக் கோணம் 60 பாகை என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 23 மீட்டர் அகலமுள்ள களத்தைப் படம் பிடிக்கும். முழு ஹெச்டி ஃபிரேமின் அகலம் 1920 பிக்சல் என்பதால் ஒரு மீட்டருக்குச் சுமார் 83 பிக்சல் கிடைக்கிறது. பனியனில் 15 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்ட லோகோவுக்கு அதில் 12 அல்லது 13 பிக்சல்தான் பங்கு. அதே லோகோ பேனரில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் இருந்தால் 120 பிக்சலுக்கு மேல் கிடைத்துவிடும். ஒன்று அகப்படுவதற்கும் மற்றொன்று அகப்படாததற்கும் முதற் காரணம் இதுதான்.

இழப்பு இத்துடன் முடியவில்லை. யோலோ வகை மாதிரிகள் பெரும்பாலும் உள்ளே வரும் படத்தை 640 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன. மாற்றச் சொல்லி நாம் அமைக்காவிட்டால் அதுவே வழக்கம். 1920 மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்போது உங்கள் 12 பிக்சல் லோகோ 4 பிக்சலாகிவிடுகிறது. அந்த மாதிரியின் மிக நுண்ணிய கண்டறியும் அடுக்கே 8 பிக்சலுக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் இயங்குவது. ஆக, லோகோ ஒரு கட்டத்தில் பாதியைக்கூட நிரப்புவதில்லை. மாதிரியைப் பெரிதாக்கினாலும் சுருக்கிய படத்தையே அதற்குக் கொடுத்தால் நிலைமை மாறாது, ஏனெனில் தேட வேண்டிய தகவல் மாதிரிக்குள் நுழையும் முன்பே தூக்கி எறியப்பட்டுவிட்டது. பொருள் கண்டறியும் ஆராய்ச்சியில் பெரிதும் பயன்படும் கோகோ என்ற தரவுத் தொகுப்பில் 32க்கு 32 பிக்சலுக்குக் குறைந்த பரப்புள்ளவை 'சிறியவை' என்று வகுக்கப்பட்டுள்ளன. நன்கு பெயர்பெற்ற மாதிரிகளும் அந்த வகையில்தான் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்குகின்றன. உங்கள் லோகோ அந்த எல்லையிலிருந்தும் வெகுதூரம் கீழே இருக்கிறது.

எனவே செய்ய வேண்டியது, ஃபிரேமைச் சுருக்காமல் துண்டு துண்டாக வெட்டித் தேடுவது. ஒவ்வொரு துண்டும் 640க்கு 640 பிக்சல்; அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று 128 பிக்சல் அளவுக்குப் படிந்திருக்கட்டும். படியவைக்காவிட்டால் வெட்டுக்கோட்டில் சிக்கிய லோகோ இரண்டு பாதிகளாகி, இரண்டு பக்கத்திலும் தவறிப்போகும். இந்தக் கணக்கில் ஒரு முழு ஹெச்டி ஃபிரேமுக்கு 8 துண்டுகள் வரும். 128 பிக்சலைவிடப் பெரிய பேனர் லோகோக்கள் துண்டுகளுக்கிடையே பிளவுபடக்கூடும் என்பதால், பழையபடி முழு ஃபிரேமையும் சுருக்கி ஒரு முறை ஓட்டிவிடுங்கள். ஆக ஃபிரேமுக்கு 9 தேடல்கள். லோகோ இருப்பதாகக் கருதும் இடத்தைச் சுற்றி மாதிரி ஒரு பெட்டி வரைந்து, தன் உறுதியை மதிப்பெண்ணாகச் சொல்லும். ஒரே லோகோ இரண்டு துண்டுகளிலும் அகப்பட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழும் பெட்டிகளில் மதிப்பெண் கூடியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். சாஹி என்ற திறமூல நிரல் இந்த வெட்டுதல், ஒட்டுதல் இரண்டையும் தானே செய்துவிடுகிறது.

ஒன்பது மடங்கு வேலை என்றால் ஒன்பது மடங்கு கார்டு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். விளம்பரதாரர் கேட்பது நிகழ்ச்சி முடிந்த பிறகான கணக்கு. நேரலையிலேயே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. விநாடிக்கு 25 ஃபிரேமையும் பார்க்காமல் 5 ஃபிரேமை மட்டும் எடுத்தால் விநாடிக்கு 45 தேடல்கள். இப்போது நீங்கள் எல்லா ஃபிரேமையும் முழுதாக ஓட்டிச் செய்யும் 25 தேடல்களைவிட அது இருமடங்குகூட இல்லை. இருக்கிற கணினியை இரவில் ஓடவிட்டால் போதும்.

வேறொரு வழியும் சொல்லப்படுவதுண்டு. முதலில் ஆட்களைக் கண்டுபிடித்து, மூல ஃபிரேமிலிருந்து ஒவ்வொருவரின் மார்புப் பகுதியை மட்டும் வெட்டி, அதை நான்கு மடங்கு பெரிதாக்கி அதற்குள் லோகோவைத் தேடுவது. ஆட்கள் தனித்தனியாக ஓடும் கால்பந்து, கபடி போன்றவற்றுக்கு இது அருமையான வழி. வாடிவாசலில் காளை வெளிவரும் நொடியில் பத்துப் பதினைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். அங்கே எது யாருடைய மார்பு என்று ஆளைக் கண்டறியும் மாதிரியே திணறும். ஜல்லிக்கட்டுக்குத் துண்டு முறையையே நான் பரிந்துரைப்பேன்.

இனி, எந்த நிரலாலும் மீட்க முடியாத இழப்பு ஒன்று கேமராவிலேயே நேர்கிறது. வீரர் ஒருவர் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறார் என்று வையுங்கள். கேமராவின் ஷட்டர் விநாடியில் 50இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அதற்குள் அவர் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அதாவது 12 பிக்சல் லோகோவின் மேல் 8 பிக்சல் நீளத்துக்கு இழுவல், அதாவது ஓட்டத்தால் வரும் மங்கல், விழும். ஷட்டரை 500இல் ஒரு பங்காகக் குறைத்தால் இழுவல் ஒரு பிக்சலுக்கும் குறைவு. தை மாத வெயிலில் அதற்கு வெளிச்சம் தாராளமாக உண்டு. மென்பொருளில் ஒரு மாதம் உழைத்துக் கிடைக்கும் பலனைவிட, கேமராக்காரர் காலையில் இந்த ஒரு அமைப்பை மாற்றுவதால் கிடைக்கும் பலன் பெரிது என்பது என் உறுதியான கருத்து.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் பயன்படுத்தும் வீடியோச் சுருக்க முறைகளில் பெரும்பாலானவை ஒளிர்வை ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவுசெய்தாலும், நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்கின்றன. 12 பிக்சல் அகலமுள்ள லோகோவின் நிறம் 6 புள்ளிகளில் அடங்கிவிடுகிறது. கரும்பச்சைப் பனியனில் சிவப்பு லோகோ கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். ஒளிர்வு அளவில் அந்த இரண்டு நிறங்களும் ஏறக்குறைய ஒன்றே ஆகையால், சுருக்கப்பட்ட வீடியோவில் அது பனியனோடு கரைந்துபோகும். சுற்றுக்குச் சுற்று பனியன் நிறம் மாறுவதால் இந்தத் தொல்லை சில சுற்றுகளில் மட்டும் தலைகாட்டும். ஏன் ஒரு சுற்றில் மட்டும் கணக்குக் குறைந்தது என்று விளம்பரதாரர் கேட்கும்போது காரணம் புரியாமல் தவிப்பீர்கள். அடுத்த ஆண்டு அச்சடிக்கக் கொடுக்கும்போதே, வெளிர் நிறப் பட்டை ஒன்றின்மேல் அடர்நிற லோகோ என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, தனித்தனி ஃபிரேம்களின் முடிவை அப்படியே கூட்டிவிடாதீர்கள். வீடியோ என்பதே உங்கள் கையில் இருக்கும் பெரிய அனுகூலம். ஒரு லோகோ இந்த ஃபிரேமில் இருந்தால் அடுத்ததிலும் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அடுத்தடுத்து எடுத்த 5 ஃபிரேம்களில் மூன்றிலாவது ஏறக்குறைய ஒரே தடத்தில் தென்பட்டால் மட்டும் அதைக் கணக்கில் சேருங்கள்; ஒரே ஒரு ஃபிரேமில் மின்னி மறைவதை விட்டுவிடுங்கள். இப்படிச் செய்வதால் ஐயத்துக்குரிய குறைந்த மதிப்பெண் பெட்டிகளையும் துணிந்து ஏற்றுக்கொண்டு, தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து வடிகட்ட முடியும். 1960இல் கால்மன் வகுத்த, நகரும் பொருளின் அடுத்த இடத்தை ஊகித்துத் திருத்திக்கொள்ளும் 'வடிகட்டி' என்ற கணித முறையை அடிப்படையாகக் கொண்டு 2016இல் வந்த சார்ட் என்ற எளிய பின்தொடரும் முறையே இதற்குப் போதுமானது. கேமரா மாறும் இடத்தில் தடத்தை அறுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி (திருப்பரங்குன்றம், பொறியியல் மாணவி): ஆழ்கற்றல் எதுவும் இல்லாமல், ஓப்பன்சிவி என்ற படச்செயலாக்க நிரல் தொகுப்பில் உள்ள வார்ப்புப் பொருத்தத்தை (லோகோவின் படத்தை ஃபிரேமின்மேல் இடம் இடமாக வைத்து ஒப்பிடும் முறையை) கொண்டே என் இறுதியாண்டுத் திட்டப்பணியைச் செய்ய எண்ணினேன். நிழற்படத்தில் 0.9 மதிப்பெண் வருகிறது (முழுப் பொருத்தம் என்றால் 1). வீடியோவில் லோகோ இல்லாத இடங்களிலும் அதே மதிப்பெண் வருகிறது. பிறகு, படத்தில் மூலை போன்ற தனித்துத் தெரியும் அம்சப்புள்ளிகளைக் கண்டு ஒப்பிடும் ஓஆர்பி முறைக்கு மாறினேன். லோகோ படத்தில் ஒரு அம்சப்புள்ளிகூடக் கிடைக்கவில்லை. நிரலில் பிழையா?

பதில்: நிரலில் பிழை இல்லை. 12க்கு 12 பிக்சல் வார்ப்பை முழு ஹெச்டி ஃபிரேமின்மேல் நகர்த்தினால் அது பொருந்திப் பார்க்கும் இடங்கள் ஏறத்தாழ 20 லட்சம்; விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 5 கோடி. வெறும் 144 பிக்சல்களை வைத்துக்கொண்டு 5 கோடி முறை ஒப்பிட்டால், தற்செயலாக ஒத்துப்போகும் இடங்கள் எப்படியும் வந்து சேரும். வானம், வெள்ளையடித்த சுவர் போன்ற வெறுமையான பரப்புகளில் இன்னொரு கோளாறும் உண்டு: மதிப்பெண்ணைத் தரும் இயல்பாக்கிய ஒப்புறவுக் கணக்கில் வகுக்கும் எண் பூச்சியத்தை நெருங்குவதால் அங்கே வரும் மதிப்பெண்ணுக்குப் பொருளே இருக்காது. வேறுபாடு மிகக் குறைந்த பகுதிகளை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் போலிகளில் பெரும்பகுதி ஒழியும். லோகோவின் அளவும் சாய்வும் மாறாத இடத்தில், அதாவது திரையின் மூலையில் நிலையாக நிற்கும் சேனல் லோகோவுக்கு, வார்ப்புப் பொருத்தம் இன்றைக்கும் நல்ல முறைதான்.

ஓஆர்பி விஷயத்தில் தாங்கள் விழுந்த குழி நுட்பமானது. 2011இல் வெளியான அந்த முறை, ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள 31 பிக்சல் சதுரத்தைக் கொண்டு விவரிக்கிறது. ஆகவே ஓப்பன்சிவியின் இயல்பு அமைப்பில், படத்தின் நான்கு ஓரங்களிலும் 31 பிக்சல் பட்டைக்குள் எந்தப் புள்ளியும் தேடப்படுவதில்லை. தாங்கள் 60க்கு 60 பிக்சல் லோகோவைக் கொடுத்திருந்தால் இருபுறமும் 31 கழிய மிச்சம் எதுவுமில்லை. பூச்சியம் புள்ளிதான் விடை. லோகோ கோப்பைப் பெரிதாக்கி, சுற்றிலும் வெற்றிடம் சேர்த்துக் கொடுத்தால் அங்கே புள்ளிகள் பிறக்கும். வீடியோவில் இருக்கும் 20 பிக்சல் லோகோவில் அப்போதும் பிறக்காது.

அம்சப்புள்ளிகளைக் கொண்டே இயங்கும் சிஃப்ட் என்ற மற்றொரு முறை இதைவிடச் சற்றுத் தேவலாம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோ 1999இல் அறிமுகப்படுத்தி 2004இல் விரிவாக எழுதிய முறை அது. அதன் காப்புரிமை 2020இல் முடிந்துவிட்டதால் ஓப்பன்சிவியின் முதன்மைப் பகுதியிலேயே கட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது. ஆனால் ஒரு தளத்தின் சாய்வைக் கணித்து இது அந்த லோகோதான் என்று உறுதிசெய்யக் குறைந்தது 4 சரியான புள்ளிப் பொருத்தங்கள் வேண்டும். நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் பத்துப் பொருத்தங்களாவது வேண்டும். சிறிய, ஒரே நிறம் நிரப்பிய லோகோவில் இரண்டு மூன்று புள்ளிகளுக்கு மேல் தேறுவதில்லை. லோகோவின் அகலத்தை 100, 60, 40, 20 என்று குறைத்துக்கொண்டே வந்து ஒவ்வொரு முறையும் எந்த அளவில் உடைகிறது என்று வரைபடமாகக் காட்டினால், அதுவே நல்ல திட்டப்பணி. எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன் என்று எழுதும் அறிக்கையைவிட அதை மதிக்கும் பேராசிரியர்கள் மதுரையில் இருக்கிறார்கள்.

கேள்வி (செல்லூர், விளம்பரப் பலகை வடிவமைப்பாளர்): எங்கள் வாடிக்கையாளரின் லோகோ என்பது கடைப்பெயரைத் தமிழில் எழுதியதுதான். எழுத்தை வாசிக்கும் மென்பொருளைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாமே?

பதில்: எழுத்தின் உயரம் 20 முதல் 30 பிக்சலாவது இருந்தால் முயலலாம். அதற்குக் கீழே தமிழ் எழுத்து படும் பாடு பெரிது. 12 பிக்சல் உயரத்தில் எழுதிய 'க்' என்பதன் புள்ளி ஏறத்தாழ ஒரு பிக்சல். சுருக்கத்தில் அது போய்விட்டால் மிஞ்சுவது 'க'. கொம்பும் சுழியும் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைப்பெயரை அலங்கார எழுத்தில் வளைத்து எழுதியிருந்தால் பெரிய அளவிலும் அந்த மென்பொருள் தடுமாறும். எழுத்துக் கோவை முழுவதையும் ஒரே உருவமாகக் கருதி, மேற்சொன்ன முறைகளால் தேடுவதே நல்லது.

கேள்வி (வாடிப்பட்டி, மென்பொருள் பணியாளர்): பயிற்சி கொடுக்க என்னிடம் இருப்பது அந்த லோகோவின் ஒரே ஒரு கோப்பு. ஆயிரக்கணக்கான படங்களில் பெட்டி வரைந்து குறிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. செயற்கையாகப் படங்களை உருவாக்கிப் பயிற்றுவித்தேன். என் செயற்கைப் படங்களில் பிரமாதமாக வேலை செய்யும் மாதிரி, உண்மையான வீடியோவில் படுத்துவிடுகிறது. தவிர, லோகோ வட்டமாக அடுக்கிய புள்ளிகளால் ஆனது. சுங்குடிச் சேலை கட்டிய பெண்கள் கூட்டத்தில் தென்பட்டால் திரை முழுவதும் பெட்டிகள் விழுகின்றன.

பதில்: செயற்கைப் படங்களை உருவாக்குவது சரியான வழியே. எந்த வரிசையில் உருவாக்கினீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்க வேண்டும். கூர்மையான லோகோவை 12 பிக்சலுக்குச் சுருக்கி, மங்கலான வீடியோ ஃபிரேமின்மேல் ஒட்டினால் அது ஒட்டுப்போட்டது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். மாதிரி லோகோவைக் கற்றுக்கொள்ளாது; 'சுற்றுப்புறத்தைவிடக் கூர்மையான இடம் எது' என்று பார்க்கக் கற்றுக்கொள்ளும். உண்மையான வீடியோவில் அப்படிப்பட்ட இடமே இருக்காதாகையால் படுத்துவிடுகிறது. ஆகவே, லோகோவைப் பெரிய அளவிலேயே துணிபோல நெளித்து, சாய்த்து, நிழல் விழச்செய்து, பிறகு சுருக்கி, ஒட்டி, ஓட்டத்துக்கேற்ற இழுவலைச் சேருங்கள். அதன்பின் அந்த ஃபிரேம்களை வரிசையாக வைத்து, உங்கள் கேமரா எந்தத் தரத்தில் பதிவுசெய்கிறதோ அதே தரத்தில் வீடியோவாகச் சுருக்கி, மறுபடி ஃபிரேம்களாகப் பிரித்துப் பயிற்சிக்குக் கொடுங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். லோகோவையும் பின்னணியையும் ஒரே சுருக்கத்தால் ஒன்றாகக் குழைத்துவிடுவது அதுதான். அத்துடன், அசல் வீடியோவிலிருந்து சில நூறு லோகோக்களையாவது கையால் குறித்து இறுதிக்கட்டப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வார மாலை நேரம் போதும்.

சுங்குடி விஷயம் சுவையானது. முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய அந்தப் புள்ளி வட்டங்கள் 12 பிக்சலில் உங்கள் லோகோவாகவே தெரிவதில் வியப்பில்லை. இதற்கு மருந்து, லோகோ இல்லாத படங்களைப் பயிற்சியில் தாராளமாகச் சேர்ப்பது. சுங்குடிச் சேலைகள், வாசல் கோலங்கள், காளையின் நெற்றிப் பொட்டு, குடைகளின் கண்ணாடி வேலைப்பாடு என்று மாதிரி ஏமாந்த இடங்களையெல்லாம் வெட்டியெடுத்து, 'இவற்றில் லோகோ இல்லை' என்று சொல்லிக் கொடுங்கள். லோகோ கண்டறியும் ஆராய்ச்சியில் பரவலாகப் பயன்பட்ட, 2011இல் வெளியான ஃப்ளிக்கர்லோகோஸ்-32 என்ற தொகுப்பில் மொத்தம் 8240 படங்கள். அவற்றுள் 6000 படங்களில் எந்த லோகோவும் கிடையாது. தொகுத்தவர்களுக்கு இந்த நோயின் தன்மை தெரிந்திருக்கிறது.

சோதிக்கும் படங்களைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே வீடியோவின் ஃபிரேம்களைக் குலுக்கிப் போட்டு, பத்தில் எட்டைப் பயிற்சிக்கும் இரண்டைச் சோதனைக்கும் வைத்தால், பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்கள் இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும்; மாதிரி பார்த்த வினாத்தாளையே தேர்வில் எழுதும். நம் பகுதியில் இதற்கு இயல்பாகவே ஒரு நல்ல பிரிவினை அமைந்திருக்கிறது. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு இரண்டையும் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, அதற்கடுத்து வரும் அலங்காநல்லூரை முழுக்க முழுக்கச் சோதனைக்கு ஒதுக்குங்கள். களமும் வெளிச்சமும் கேமரா நிற்கும் உயரமும் வேறு. அங்கே கிடைக்கும் மதிப்பெண்ணைத்தான் நம்பலாம்.

கேள்வி (உசிலம்பட்டி, திருமண வீடியோ நிலையம் நடத்துபவர்): மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டனவே? அதில் போட்டுப் பெரிதாக்கிவிட்டுத் தேடினால் என்ன?

பதில்: அந்த மென்பொருள் இல்லாத விவரத்தைப் படத்திலிருந்து எடுப்பதில்லை, தான் முன்பு பார்த்த படங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. 8 பிக்சல் அகலச் சிவப்புத் திட்டு ஒன்றைக் கொடுத்தால், அதற்குப் பழக்கமான வேறொரு லோகோவைப் போல அழகாக வரைந்து தரவும் கூடும். பார்ப்பதற்கு நன்றாக இருக்கட்டும் என்றால் செய்யுங்கள். பணம் வாங்கும் கணக்குக்கோ வழக்குக்கோ அதை ஆதாரமாக வைக்காதீர்கள்.

கேள்வி (திருமங்கலம், தரவுப் பகுப்பாய்வு பயில்பவர்): என் மாதிரி லோகோவின் மேலேயே பெட்டி போடுகிறது, கண்ணால் பார்க்கிறேன். ஆனால் மதிப்பீட்டு நிரல் அவற்றில் பாதியைத் தவறு என்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே சரி. பெரும்பாலான மதிப்பீட்டு நிரல்கள், கணித்த பெட்டியும் உண்மைப் பெட்டியும் சேர்ந்து படரும் பரப்பில் பொதுவான பரப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் சரி என்று ஏற்கின்றன. 100க்கு 100 பெட்டி பக்கவாட்டிலும் மேலுமாக 2 பிக்சல் விலகினால் அந்த விகிதம் 0.92, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 10க்கு 10 பெட்டி அதே 2 பிக்சல் விலகினால் பொதுப்பரப்பு 64, மொத்தப் பரப்பு 136, விகிதம் 0.47. தேர்ச்சி இல்லை. இத்தனைக்கும் கையால் பெட்டி வரைந்தவரின் சுட்டியே ஒன்றிரண்டு பிக்சல் நடுங்கியிருக்கும்.

சின்ன லோகோக்களுக்கு அந்த எல்லையை 0.3 ஆகத் தளர்த்தலாம். அல்லது பெட்டியின் நடுப்புள்ளி உண்மைப் பெட்டிக்குள் விழுந்தால் போதும் என்று வைக்கலாம். எதைச் செய்தாலும் அறிக்கையில் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மேலூர் வாசகரின் தேவையைப் போல விநாடிக் கணக்கே குறிக்கோள் என்றால் பெட்டிகளை விட்டுவிட்டு விநாடிகளையே அளப்பது மேல். பத்து நிமிடக் காட்சி ஒன்றை இரண்டு பேர் தனித்தனியே பார்த்து லோகோ தெரிந்த விநாடிகளைக் குறிக்கட்டும்; மாதிரி சொன்ன விநாடிகளில் எத்தனை உண்மை, உண்மையான விநாடிகளில் எத்தனையை அது தவறவிட்டது என்ற இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்வது ஏமாற்று. அந்த இரண்டு பேருக்குள்ளேயே கணக்கு ஒத்துப்போகாத இடங்கள் இருக்கும். அவை பெரும்பாலும் 10 பிக்சலுக்கும் கீழே உள்ளவை. பார்ப்பவர் கண்ணுக்கே படிக்க முடியாத லோகோவுக்குக் காசு வாங்குவது முறையா என்பதை விளம்பரதாரரிடம் முதலிலேயே பேசி, குறைந்தபட்ச அளவு ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

கேள்வி (மதுரை அண்ணா நகர், யூடியூப் சேனல் நடத்துபவர்): அழகர் ஆற்றில் இறங்கும் வைபவத்தை ஆண்டுதோறும் பதிவிடுகிறேன். மூலையில் எங்கள் லோகோவை மங்கலாக, பின்னால் உள்ள காட்சி தெரியும்படி வைப்பது வழக்கம். எங்கள் வீடியோவை அப்படியே எடுத்துத் தங்கள் பெயரில் போடுகிறார்கள். சிலர் மூலையை மட்டும் கலைத்துவிட்டுப் போடுகிறார்கள். சந்தேகப்படும் வீடியோக்களில் எங்கள் லோகோ இருக்கிறதா என்று கணினியால் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். இதுவரை பார்த்தவற்றுள் இதுதான் எளிது, ஏனெனில் உங்கள் லோகோ அசைவதில்லை. ஒளி ஊடுருவும் லோகோ உள்ள ஒவ்வொரு பிக்சலும் பின்னணியில் ஒரு பங்கும் லோகோவில் ஒரு பங்கும் கலந்தது. தனி ஃபிரேமில் கூட்டத்தின் தலைகளுக்கும் தீவட்டிப் புகைக்கும் நடுவே அது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஒரு மணி நேர வீடியோவில் பத்து விநாடிக்கு ஒன்று என 360 ஃபிரேம்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் விளிம்புகளைக் கணித்து, அவற்றின் சராசரியை எடுத்துப் பாருங்கள். மாறிக்கொண்டே இருக்கும் பின்னணியின் விளிம்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரையும். எல்லா ஃபிரேமிலும் ஒரே இடத்தில் இருக்கும் லோகோவின் விளிம்பு மட்டும் எழுந்து நிற்கும். அதன்பின் வார்ப்புப் பொருத்தமே போதும். வீடியோவைப் பெரிதாக்கியோ இடவலமாகத் திருப்பியோ போட்டிருந்தால் வார்ப்பையும் அப்படி மாற்றி மாற்றித் தேட வேண்டும்; அளவும் இடமும் வீடியோ முழுவதும் மாறாது என்பதால் அது பெரிய வேலையன்று. தொலைக்காட்சிப் பதிவிலிருந்து விளம்பரங்களைப் பிரித்தெடுக்கும் காம்ஸ்கிப் என்ற இலவச மென்பொருளும், சேனல் லோகோ எப்போது மறைகிறது என்பதை ஒரு தடயமாகக் கொண்டே இயங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. முக்காலியில் வைத்த கேமரா அசையாமல் ஒரே மண்டபத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் பின்னணியும் நிலையானதாகிவிடும். சராசரியில் மண்டபத்தூணும் சேர்ந்து எழுந்து நிற்கும். அந்தப் பகுதிகளைத் தவிர்த்து, கேமரா நகரும் பகுதிகளிலிருந்தோ அதே நபர் போட்ட பல வீடியோக்களிலிருந்தோ ஃபிரேம்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலையைக் கலைத்துவிட்டவர்களின் விஷயத்தில் தேட வேண்டியது லோகோவை அல்ல. வீடியோவைக் கையாளும் இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் உள்ள டீலோகோ போன்ற வடிகட்டிகள் ஒரு செவ்வகத்தை அதன் ஓரத்து நிறங்களைக் கொண்டு நிரப்பிவிடுகின்றன. ஆகவே அந்தச் செவ்வகத்துக்குள் மட்டும், பின்னணியில் என்ன வந்தாலும், வீடியோ முழுவதும் கூர்மையே இருக்காது. முன் சொன்ன அதே விளிம்புச் சராசரியில் இப்போது பிரகாசமான லோகோவுக்குப் பதில் இருண்ட சதுரம் ஒன்று தெரியும். அது உங்கள் லோகோ இருந்த இடத்துடனும் அளவுடனும் ஒத்துப்போனால் நல்ல தடயம். ஒரே லோகோவை ஒரே அமைப்பில் ஆயிரம் படங்களில் வைத்தால் அதைக் கணித்துச் சுத்தமாக நீக்கிவிட முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். படத்துக்குப் படம் லோகோவைச் சிறிதளவு நெளித்து வைத்தால் நீக்கம் சுத்தமாக அமைவதில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். அடுத்த சித்திரைக்கு ஒவ்வொரு வீடியோவிலும் லோகோவைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சற்றே மாற்றி வைத்து, எந்த வீடியோவுக்கு எந்த மாற்றம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டித் தொகுக்காத மூலக் கோப்புகளையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.